ஞாயிற்றுக்கிழமை மருந்தடிக்க வேண்டாம்

சேலம் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

இரண்டரை ஏக்கரில் மரவள்ளி போட்டிருக்கிறார். நட்டு நான்கு மாதம் ஆகிறது. கணவர் லாரியில் போகிறவர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. வெள்ளாமையைப் பார்த்துக்கொள்வது இவர்தான். போன வருஷம் மாவுப்பூச்சி விழுந்து, மூன்று முறை மருந்தடித்தும் நுனியெல்லாம் சுருண்டு, கணு குட்டையாகி, கிழங்கு பருக்காமலே நின்றுபோனது. ஆலைக்குக் கொண்டுபோனால், கிழங்கின் மாவுச்சத்தை அளந்து சொல்கிற பாயிண்டும் இறங்கியிருந்தது. இந்த வருஷமும் பூச்சி வந்துவிட்டது. உரக்கடையில் சொன்னார்களே என்று முதலில் ட்ரைக்கோகிரம்மா என்ற ஒட்டுண்ணிக் குளவி அட்டையை வாங்கிக் கட்டினார். எந்தப் பலனும் இல்லை. பிறகு அதே கடையில், லேபிள் இல்லாத ஒரு பாட்டிலைக் கொடுத்து “மாவுப்பூச்சிக்கு ஸ்பெஷல்” என்றார்கள். பில் கிடையாது. அதை இன்னும் திறக்கவில்லை. இதற்கிடையில் ஒரு வேளாண் முகாமில் சிறு குப்பியில், மாவுப்பூச்சியை அழிக்கிற வேறொரு ஒட்டுண்ணிக் குளவியைக் கொடுத்தார்கள். விட்டு 12 நாள் ஆகிறது. “அன்றைக்குப் பறந்துபோனதுதான், அதற்கப்புறம் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. மாவுப்பூச்சி முன்னைவிட அதிகமாகத்தான் தெரிகிறது” என்கிறார்.

பக்கத்து வயல் கொழுந்தனாருடையது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆளும் மெஷினும் வருகிறது, உன் வயலுக்கும் சேர்த்தே அடித்துவிடுகிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். மாமனாருக்கு வேறு கவலை. போன வருஷம் உறவுக்காரர் ஒருவரைக் கதண்டுக் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது நாமே குளவியைக் கொண்டுவந்து வயலில் விடுகிறோமே என்கிறார். சீமைக்கருவேலம் மாதிரி இதுவும் பரவி ஊரைக் கெடுத்துவிட்டால்? இதுவும் அவர் கேள்விதான். “உயிரோடு இருக்கிறதா, செத்துப்போனதா என்றுகூடத் தெரியாத ஒரு பூச்சியை நம்பி இரண்டரை ஏக்கரையும் விடலாமா?” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே தெரிய வேண்டிய விஷயம் என்பதால், முக்கியமானதை அவருக்கு அன்றே சொல்லிவிட்டேன். இதே குழப்பத்தில் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் முழுப் பதிலும் இங்கே.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்வி நியாயமானது. கண்ணுக்குத் தெரிகிற மருந்தை ஒதுக்கிவிட்டு, தெரியாத பூச்சியை நம்பு என்று உங்களிடம் சொல்வது எளிது. நஷ்டம் வந்தால் தாங்கப்போவது நீங்கள்தான். அதனால் நம்பிக்கையின் பேரில் எதையும் செய்யச் சொல்லமாட்டேன். அந்தக் குளவி இப்போது எங்கே இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா என்பதை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும். அதிலிருந்தே தொடங்குவோம்.

குளவி எங்கே போனது?

மாவுப்பூச்சிக்குள் போயிருக்கிறது. அனகைரஸ் லோபெசி என்ற அந்தக் குளவியின் நீளம் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது. திறந்துவிட்டால் கொசுக்குஞ்சு போலக் கலைந்துபோகும். பூச்சி விழுந்த மரவள்ளிச் செடி ஒரு வாசனையை வெளியிடுகிறது. நமக்கு அது தெரியாது, குளவிக்குத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு நுனிக்கு வரும். உணர்கொம்பால் மாவுப்பூச்சியைத் தட்டித் தட்டிப் பார்த்து, பிடித்திருந்தால் அதன் உடம்புக்குள் ஒரே ஒரு முட்டையைச் செலுத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். உள்ளே பொரிக்கிற புழு, மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்று வளர்கிறது. முதல் சில நாட்களுக்கு அந்த மாவுப்பூச்சி வெளியே சாதாரணமாகத்தான் தெரியும். சாறும் உறிஞ்சும். பிறகு உடல் உப்பி, தோல் இறுகிப் பழுப்பாகி ஒரு கூடு போல ஆகிவிடும். இதைத்தான் நாங்கள் ‘மம்மி’ என்கிறோம். முட்டை வைத்ததிலிருந்து புதுக் குளவி வெளியே வர, வெயில் காலத்தில் ஏறத்தாழ இரண்டு, இரண்டரை வாரம் ஆகும்.

இப்போது நாளை எண்ணுங்கள். நீங்கள் எழுதும்போது 12 நாள். ஞாயிற்றுக்கிழமை 16-ஆம் நாள். உங்கள் வயலிலேயே பிறக்கிற முதல் தலைமுறை கூட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வரத் தொடங்குகிற சமயம். அன்றைக்கு மருந்தடித்தால், கூட்டுக்குள் தப்பியவைகூட வெளியே வந்து இலையில் கால் வைத்ததும் சாகும். மாதத்தில் வேறெந்த நாளை விடவும் மோசமான நாளைத்தான் கொழுந்தனார் தெரியாமல் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் வயலுக்குப் போங்கள். ஒரு கைலென்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். குளவி விட்ட இடத்தைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு செடிகளில், சுருண்ட நுனியை மெல்லப் பிரித்துப் பாருங்கள். உயிருள்ள மாவுப்பூச்சி மெத்தென்று, ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த நிறத்தில், மேலே மாவு தூவியது போல இருக்கும். குச்சியால் தொட்டால் நசுங்கும். மம்மி அப்படி இல்லை. சின்னப் பீப்பாய் போல உப்பியிருக்கும், மாவு உதிர்ந்து பழுப்பு நிறமாக இருக்கும், நகத்தால் தொட்டால் உமி போல ஒரு கெட்டித்தன்மை தெரியும். ஒரு முனையில் ஊசியால் குத்தியது போல வட்டமான ஓட்டை இருந்தால், குளவி ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். பத்து நுனியில் இரண்டு மூன்று மம்மி இருந்தாலே போதும், குளவி உங்கள் வயலில் குடியேறிவிட்டது.

மாவுப்பூச்சி அதிகமாகத் தெரிவதற்கான கணக்கு எளியது. இந்த இனத்தில் ஆண் கிடையாது. எல்லாமே பெண், ஒவ்வொன்றும் 400 முட்டை வரை, சில சமயம் அதற்கு மேலும் வைக்கும். குளவி விட்ட அன்று இருந்த முட்டைகளெல்லாம் இப்போது பொரித்திருக்கின்றன. ஆனால் மாவுப்பூச்சியின் ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. அந்த ஒரு மாதத்துக்குள் குளவி இரண்டு தலைமுறை எடுத்துவிடும். முதல் மாதத்தில் பூச்சிதான் முன்னே ஓடும். குளவி அதை எட்டிப் பிடிப்பது இரண்டாம் மாதத்திலிருந்துதான். 12 நாளில் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது இதனால்தான்.

பூச்சி எது என்று தெரியாமல் எதையும் விடக் கூடாது

ட்ரைக்கோகிரம்மா அட்டை விஷயத்தில் தவறு உங்களுடையது அல்ல. அது நல்ல குளவிதான். ஆனால் அது அந்துப்பூச்சிகளின் முட்டைக்குள் முட்டை வைக்கிற இனம். கரும்பில் இடைக்கணுப் புழு போன்றவற்றுக்கு விடுவார்கள். மாவுப்பூச்சியை அது திரும்பிக்கூடப் பார்க்காது. ‘ஒட்டுண்ணி’ என்றால் எல்லாப் பூச்சிக்கும் ஒரே மருந்து என்பது போன்ற எண்ணம் கடைக்காரர்களிடமும் இருக்கிறது. இதில் ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவிதான்.

அதே எச்சரிக்கை மரவள்ளிக்குள்ளும் தேவை. நம் ஊர் மரவள்ளியில் ஒன்றுக்கு மேற்பட்ட மாவுப்பூச்சி விழுகிறது. மேலே சொன்ன இளஞ்சிவப்பு நிறம், நுனி முட்டைக்கோஸ் போலக் குவிந்து கணுக்கள் நெருங்கிப்போவது, இவை இருந்தால் மரவள்ளி மாவுப்பூச்சி; உங்கள் குளவி அதற்கானதுதான். உடல் மஞ்சளாக, இலையின் அடியில் அடையடையாக இருந்தால் அது பப்பாளி மாவுப்பூச்சி. சந்தேகமென்றால் இரண்டு மூன்றைச் சிறிது ஆல்கஹாலில், கை கழுவும் சானிடைசர் கூடப் போதும், போட்டு வையுங்கள்; பப்பாளி மாவுப்பூச்சி ஓரிரு நாளில் கருநீலமாகிவிடும். முதுகில் இரண்டு கரும்பட்டையும் வால் போல இரண்டு நீள இழையும் இருந்தால் அது வாலுள்ள மாவுப்பூச்சி. இவை இரண்டுக்கும் அனகைரஸ் லோபெசி பயன்படாது. உங்கள் கடிதத்தில் நுனி சுருண்டதையும் கணு குட்டையானதையும் எழுதியிருப்பதால் முதல் வகைதான் என்று நினைக்கிறேன். ஆனாலும் நீங்களே பார்த்து உறுதி செய்யுங்கள்.

இந்த நிற வித்தியாசம் ஒரு கண்டத்தின் மீட்சியையே தாமதப்படுத்தியிருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் இந்தப் பூச்சி தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே மரவள்ளிதான் கோடிக்கணக்கானவர்களுக்குச் சோறு. வயல் வயலாக அழிந்துகொண்டே போனபோது, அதன் தாயகத்தில் இதைத் தின்கிற எதிரி எது என்று தேடிப் போனார்கள். முதலில் கிடைத்தது, ஏறக்குறைய இதே போன்ற, ஆனால் மஞ்சளான வேறொரு மாவுப்பூச்சி. அதன் மேல் இருந்த குளவிகள் ஆப்பிரிக்கப் பூச்சியில் பிழைக்கவில்லை. 1980-களின் தொடக்கத்தில் பராகுவேயில்தான் சரியான இளஞ்சிவப்புப் பூச்சியும் அதனோடு அனகைரஸ் லோபெசியும் கிடைத்தன. 1981-ல் நைஜீரியாவில் முதலில் விட்டார்கள். பிறகு இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. அந்த வேலையை முன்னின்று நடத்திய சுவிட்சர்லாந்துப் பூச்சியியலாளர் ஹான்ஸ் ஹெரெனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. தாய்லாந்தில் 2008-ல் பூச்சி வந்தபோது, அடுத்த ஆண்டே ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவியை வாங்கிப் பெருக்கினார்கள். இந்தியாவில் 2020-ல் கேரளத்தில் பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது; விரைவிலேயே தமிழ்நாட்டிலும் பரவியது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் 2021-ல் அதே பெனினிலிருந்து குளவியை வரவழைத்துச் சோதித்தது. 2022 மார்ச்சில், உங்கள் மாவட்டத்தின் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வயலில் விடப்பட்டது. உங்கள் கைக்கு வந்த குப்பிக்குப் பின்னால் இத்தனை தூரம் இருக்கிறது.

மாமனாரிடம் சொல்ல வேண்டியது

அவருடைய இரண்டு கவலையையும் தட்டிக்கழிக்காதீர்கள். இரண்டும் அனுபவத்திலிருந்து வந்தவை.

கதண்டு கூடு கட்டிக் கூட்டமாக வாழ்வது. கூட்டைக் காப்பதற்காகக் கொட்டுகிறது, ஆளையே சாய்த்துவிடும். உங்கள் வயலில் இருப்பதற்குக் கூடு கிடையாது, கூட்டமும் கிடையாது, தனித்தனியாகத் திரிவது. அதன் கொடுக்கு முட்டையைச் செலுத்துகிற ஊசி. மாவுப்பூச்சியின் தோலுக்கு ஏற்ற அளவு, மனிதத் தோலில் இறங்காது. பேரப்பிள்ளைகள் வயலில் ஓடி விளையாடலாம், மாடு மேயலாம், தேனீக்கும் அதனால் தொந்தரவில்லை. தமிழில் இரண்டையும் குளவி என்று ஒரே பெயரால் சொல்வதால் வந்த பயம் இது.

சீமைக்கருவேலம் பற்றிய கேள்வி இன்னும் ஆழமானது. வெளியிலிருந்து கொண்டுவந்த உயிர்கள் கெடுத்த கதை நிறைய உண்டு. ஆஸ்திரேலியாவில் கரும்பு வண்டை ஒழிக்க 1935-ல் விட்ட தேரை, வண்டை விட்டுவிட்டுக் கண்டதையெல்லாம் தின்று இன்றுவரை அந்த நாட்டுக்குத் தலைவலியாக இருக்கிறது. அங்கே நடந்த பிழை, எதையும் தின்கிற ஒரு பிராணியைத் தேர்ந்தெடுத்தது. அனகைரஸ் லோபெசி நேர்மாறானது. பெரும்பாலும் இந்த ஒரு மாவுப்பூச்சியை நம்பித்தான் அதன் பிழைப்பு. பூச்சி குறைந்தால் அதுவும் குறையும். பூச்சி கூடினால் கூடும். மாவுப்பூச்சி தீர்ந்துவிட்டதே என்று அது நெல்லுக்கோ கத்தரிக்கோ போகாது. இப்படி ஒன்றை நாட்டுக்குள் கொண்டுவர 2003-ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி அனுமதி வாங்க வேண்டும். தனிமைக் கூடத்தில் வைத்து வேறெதைத் தாக்குகிறது என்று பார்த்த பிறகே வெளியே விட முடியும். அந்தத் தேரையை விட்ட காலத்தில் இந்த முறையெல்லாம் இல்லை.

மாமனாரிடம் சப்பாத்திக்கள்ளி பற்றியும் கேளுங்கள். ஒரு காலத்தில் தென்னிந்தியாவில் மேய்ச்சல் நிலத்தையும் தரிசையும் அடைத்துக்கொண்டு கிடந்த கள்ளி அது. அதைச் சாய்த்தது அரிவாள் இல்லை. 1926-ல் இலங்கை வழியாக வந்த ஒரு செதில் பூச்சி. மாவுப்பூச்சிக்கு அது தூரத்து உறவு. கள்ளியைத் தின்றது, கள்ளி குறைந்ததும் தானும் குறைந்தது. வந்த உயிர் கெடுத்த கதையும் காத்த கதையும் நம் மண்ணிலேயே இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுக்கிறோம், எப்படிச் சோதிக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

மருந்து, பில், பக்கத்து வயல்

போன வருஷம் மூன்று முறை அடித்தும் ஏன் அடங்கவில்லை? மாவுப்பூச்சியின் மேல் இருப்பது மெழுகு. தண்ணீரில் கரைத்த மருந்து அதில் ஒட்டாமல் உருண்டுவிடும். சுருண்ட நுனிக்குள் மருந்து போவதுமில்லை. முட்டையெல்லாம் பஞ்சுப் பைக்குள் பத்திரமாக இருக்கும். ஆனால் வெளியே திரிகிற குளவிக்கும் பொறிவண்டுக்கும் மெழுகுக் கவசம் கிடையாது, அவை முதல் அடியிலேயே போய்விடும். அடுத்த வாரம் முட்டை பொரிக்கும்போது தின்ன ஆளில்லாத வயல் பூச்சிக்குக் கிடைக்கிறது. 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து மரவள்ளி, மல்பெரி என்று பரவியபோது நானும் மருந்துப் பெயர்களைத்தான் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அடித்த தழையைப் பட்டுப்புழுவுக்குப் போடவும் முடியாமல், பூச்சியும் அடங்காமல் மல்பெரி விவசாயிகள் தவித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதற்கான குளவிகள் வந்த பிறகுதான் அந்த வேதனை தணிந்தது. அதனால்தான் இதை இத்தனை அழுத்தமாகச் சொல்கிறேன்.

லேபிள் இல்லாத அந்தப் பாட்டிலைத் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததைத் தெளித்தால் உங்கள் உடம்புக்கும் ஆபத்து. விஷம் ஏறினால் டாக்டருக்கும் எதற்கு வைத்தியம் செய்வது என்று தெரியாது. 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, பதிவு செய்த மருந்தை, உரிய லேபிளோடு, உரிமம் உள்ள கடைதான் விற்க முடியும். பில் கேட்பது உங்கள் உரிமை. பாட்டிலை அப்படியே ஒரு பையில் கட்டிப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, வட்டார வேளாண்மை அலுவலகத்தில் தரக்கட்டுப்பாடு பார்க்கிற அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். உங்கள் பெயர் கடைக்காரருக்குத் தெரிய வேண்டாம் என்றால் அதையும் அவரிடமே சொல்லுங்கள்.

கொழுந்தனார் விஷயம் வேறு. உங்கள் வயலுக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு முழுமையாக இருக்கிறது, தயங்காமல் சொல்லுங்கள். அவர் வயலில் பதிவுள்ள மருந்தை அவர் அடிப்பதைத் தடுக்கச் சட்டத்தில் வழி இல்லை. புகார் கொடுத்தால் உறவு கெடும், குளவிக்கும் லாபமில்லை. கேட்க வேண்டியதை மட்டும் கேளுங்கள். முடிந்தால் மூன்று வாரம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். அது முடியாதென்றால், உங்கள் வரப்பை ஒட்டிய பத்து வரிசையையாவது விட்டுவிட்டு, காற்று உங்கள் பக்கம் வீசாத காலை நேரத்தில் அடிக்கச் சொல்லுங்கள். அவர் அடித்தாலும் எல்லாம் போய்விடாது. உங்கள் வயலில் தங்கிய குளவி பிறகு அவர் வயலுக்கும் போகும். அவரும் மருந்துச் செலவைப் பார்த்துக் களைத்தவர்தான் என்பதை மறக்காதீர்கள்.

வயலில் நீங்கள் செய்ய வேண்டியது

குப்பியைத் திறந்துவிடுவதோடு வேலை முடிந்ததென்று பலர் நினைக்கிறார்கள். குளவி வாழ்வதற்கு ஏற்றபடி வயலை வைப்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது. அதில் எல்லோரும் மறக்கிற ஒன்று, மண்.

தாய்க் குளவி, முட்டை வைக்கும்போதே அது ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். சிறிய, நோஞ்சான் மாவுப்பூச்சி கிடைத்தால் ஆண் முட்டையைத்தான் பெரும்பாலும் வைக்கும். கொழுத்தது கிடைத்தால் பெண் முட்டை. நமக்கு வேண்டியது பெண், அதுதான் பூச்சியைக் கொல்வது. சத்தில்லாத மணல் பூமியில் செடி வாடி, மாவுப்பூச்சியும் சிறுத்துப்போய், பிறக்கிற குளவியில் பெரும்பாலானவை ஆணாகிவிடுவதை ஆப்பிரிக்காவில் கண்டார்கள். அங்கே குளவி விட்டும் சில வயல்கள் தேறாமல் போனதற்கு இது ஒரு காரணம். எருவும் மூடாக்கும் போட்ட இடத்தில் நிலைமை மாறியது. ஆகவே உங்கள் வயலுக்குத் தொழுவுரம் கொடுங்கள், வரிசைக்கிடையில் காய்ந்த தழையைப் பரப்புங்கள், தண்ணீரை இடைவெளி விடாமல் கட்டுங்கள். செடியைத் தேற்றினால் குளவியும் தேறும்.

அடுத்தது எறும்பு. மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். முட்டை வைக்க வருகிற குளவியை விரட்டும். தண்டில் எறும்புச் சாரை தெரிந்தால் புற்றைத் தேடிக் கிளறி வெந்நீர் ஊற்றுங்கள். எறும்புத் தூளை வயல் முழுக்கத் தூவாதீர்கள், அது குளவிக்கும் விஷம்.

மூன்றாவது, ஆள் வைத்துப் பூச்சியை நசுக்கச் சொல்லும்போது கவனம். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் அதைப் போலவே வெள்ளை வெள்ளையாக, ஆனால் இன்னும் பெரிதாக, நீளமான பஞ்சு நூல்களோடு சுறுசுறுப்பாக ஓடுகிற ஒன்று இருக்கலாம். அது பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்பது. பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்து அதைத்தான் முதலில் நசுக்குவார்கள். சில இடத்தில் இலைமேல் குரங்கு முகம் போன்ற சிறிய கூட்டுப்புழுவும் கிடைக்கும். அதுவும் மாவுப்பூச்சி தின்கிற ஒரு பட்டாம்பூச்சியுடையதுதான், விட்டுவிடுங்கள்.

நுனி முழுவதும் அடைந்துபோன செடிகளில் நுனியைக் கிள்ளி எடுக்கலாம். எடுத்ததும் எரித்துவிடாதீர்கள், உள்ளே மம்மி இருக்கும். சமையலறையில் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைத்து எறும்பிடமிருந்து காப்பதில்லையா, அதே முறைதான். அகலமான ஒரு தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கல்லின் மேல் கூடையை வைத்து, கிள்ளிய நுனிகளை அதில் போட்டு, வயலுக்குள்ளேயே நிழலில் வையுங்கள். மாவுப்பூச்சிக்கு இறக்கை இல்லை, ஊர்ந்து வந்தால் தண்ணீரில் விழும். குளவி பறந்து வயலுக்குத் திரும்பும். மூன்று வாரம் கழித்து மிச்சத்தை எரித்துவிடலாம்.

அடுத்த நடவுக்குக் கரணை, அதாவது நடுகிற தண்டுத் துண்டு, எங்கிருந்து வருகிறது என்பதையும் இப்போதே யோசியுங்கள். பூச்சி ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் விதைக் கரணை வழியாகத்தான். தேமல் நோயும் அப்படியே. விலை குறைவென்று பூச்சி விழுந்த தோட்டத்துக் குச்சியை வாங்க வேண்டாம்.

இன்னும் இரண்டு வாரத்திலும் மம்மி தெரியாவிட்டால்?

அப்படியும் நடக்கலாம். குப்பி வெயிலில் கிடந்து குளவி பாதி செத்த நிலையில் வந்திருக்கலாம். அல்லது பக்கத்து வயல் மருந்துச் சாரல் பட்டிருக்கலாம். அப்போது மருந்துக் கடைக்குத் திரும்புவதற்கு முன், பூச்சி விழுந்த இரண்டு நுனியைக் காகிதப் பையில் போட்டு, வழியில் எங்கும் சிந்தாமல் கட்டி எடுத்துக்கொண்டு ஏத்தாப்பூர் நிலையத்துக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போங்கள். பூச்சியைப் பார்த்து உறுதி செய்து, மறுபடி விடுவதா வேறு வழியா என்று சொல்வார்கள். இது வருஷா வருஷம் வாங்கிக் கட்டுகிற அட்டை போன்றதல்ல. ஒருமுறை ஊரில் நிலைத்துவிட்டால் தானே பெருகித் தானே பரவும். ஆனால் பூச்சியை அது துடைத்தெறியாது. அங்கங்கே நாலு செடியில் மாவுப்பூச்சி எப்போதும் இருக்கும், இருக்கவும் வேண்டும். அதில்தான் குளவி உயிர் வாழ்கிறது. ஏற்கெனவே சுருண்ட நுனி நிமிராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிற கொழுந்து விரிந்து வருகிறதா என்பதை வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் ஒரு வேலை. மம்மி உள்ள நுனி இரண்டைக் கிள்ளி, வெளியே தெரிகிற கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயை மெல்லிய வெள்ளைத் துணியால் இறுகக் கட்டுங்கள். வெயில் படாத திண்ணையில், மாமனார் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். சில நாளில் பாட்டிலின் வெளிச்சமான பக்கத்தில் கரும்புள்ளி போல ஊர்கிறவை தெரியும். கொழுந்தனாரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். மாமனாரை விரலை உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஒன்றும் செய்யாது. பிறகு பாட்டிலை வயலுக்கு எடுத்துப்போய், இரண்டு வயலுக்கும் நடுவில் உள்ள வரப்பில் வைத்துத் துணியை அவிழ்த்துவிடுங்கள்.